ஷூ போட்ட எழுத்தும் மாசிலாமணி சாரின் கட்டைவிரலும்

போன மாதம் ஒரு நாள் மதியம் திவ்யா போன் செய்தாள். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த நேம் பிளேட் கம்பெனியில் இப்போது லேசர் மெஷின் ஓட்டுகிறவள் அவள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவாள்.

"அக்கா, பழைய கிரேன் பிளேட்டு ஒண்ணு வந்துக்கீது. அச்சு அசலா இதே மாதிரி புதுசு வோணுமாம். எழுத்துக்கு மேலயும் கீழயும் கட்டை கட்டையா இன்னாவோ கீதுக்கா. கம்ப்யூட்டர்ல தேடிக்கினே கீறேன், பேரு தெரியல."

"அது ஷூ எழுத்து" என்றேன்.

"இன்னாது?"

"ஷூ போட்ட எழுத்துடி. நாங்க அப்டிதான் சொல்லுவோம்."

அவள் சிரித்துவிட்டு போனை வைத்தாள். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டாள். கண்டுபிடித்துவிட்டாளாம். ஸ்லாப் செரிஃப் என்று பெயராம். ஸ்லாப் என்றால் எனக்குத் தெரிந்தது சாக்கடையை மூடப் போடுகிற கான்கிரீட் ஸ்லாப்தான். யோசித்துப் பார்த்தால் பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

"ஏன்க்கா அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் இதையே போட்டுக்கினு இருந்தீங்க?" என்று கேட்டாள். அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க நானும் ஏதேதோ சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, முக்கியமானதைச் சொல்லவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. அதைச் சொல்வதானால் மாசிலாமணி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இப்போது இல்லை. அவர் மனைவி மேரி அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதும்மா, அவரு இருந்தா சிரிப்பாரு" என்றார்.

என் அம்மாவும் அப்பாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் தலைமுறைதான் கம்பெனிக்குள் நுழைந்தது. நான் முதலில் பேக்கிங்கில் சேர்ந்தேன். மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. கட்டரை உடைத்தேன், திட்டு வாங்கினேன், பிறகு உடைக்காமல் ஓட்டினேன்.

அந்த மெஷினுக்குப் பாண்டோகிராஃப் என்று பெயர். ஒரு பக்கம் பித்தளையில் செய்த பெரிய எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைப்போம். அந்த எழுத்தின் பள்ளத்தில் ஊசியை ஓட்டிக்கொண்டு போனால், மறுபக்கம் சுழலுகிற கட்டர் அதே வடிவத்தைச் சிறியதாகப் பிளேட்டில் செதுக்கும். செதுக்கிய பள்ளத்தில் கறுப்போ சிவப்போ பெயின்ட் அப்பி, மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டால் பிளேட் தயார். பெயின்ட் வேலை லோகுவுடையது. லோகு என்னைவிட வயதில் சின்னவன், வாய் மட்டும் பெரியது.

எங்களிடம் இங்கிலீஷ் எழுத்துப் பெட்டிகள் மூன்று உண்டு. முதல் பெட்டியில் இருந்தது கோடு கோடாக, முனையில் எதுவும் இல்லாத எழுத்து. அதற்கு வெறுங்கால் எழுத்து என்று பெயர். இரண்டாவது, புத்தகத்தில் வருவது போல முனையில் மெல்லிசாகக் கூர்ந்து நிற்பது. அது செருப்பு எழுத்து. மூன்றாவதுதான் ஷூ எழுத்து. அதில் உடம்பு எவ்வளவு தடிமனோ பாதமும் கிட்டத்தட்ட அவ்வளவு தடிமன். பாதத்தின் முனை கூராக இருக்காது, செங்கல்லை வெட்டி வைத்த மாதிரி சதுரமாக நிற்கும். கம்பெனி வாசலில் சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்துத்தான் யாரோ அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

அந்த எழுத்துக்கு ஒரு குணம் உண்டு. அழகு காட்டாது, அவசரப்படாது. எங்கள் பிளேட்டுகள் போய்ச் சேருகிற இடங்கள் அப்படி. உருக்காலையில் கரி படியும். கெமிக்கல் கம்பெனியில் ஆவி பட்டுப் பட்டு பெயின்ட் உரியும். கிரேனில் கிரீஸ் வழியும். பெயின்ட் உரிய ஆரம்பித்தால் எழுத்தின் முனையில்தான் முதலில் உரியும். வெறுங்கால் எழுத்தில் முனை போனால் எழுத்தே போன மாதிரி. ஐ என்ற எழுத்தா, ஒன்று என்ற எண்ணா என்று தெரியாமல் நிற்க வேண்டியதுதான். ஷூ எழுத்தில் முனையில்தான் சரக்கு அதிகம். பாதி உரிந்தாலும் மீதி பாதத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். அதனால் எவ்வளவு எடை தூக்கலாம், எவ்வளவு அழுத்தம் தாங்கும், எங்கே கை வைக்கக் கூடாது என்பதையெல்லாம் அதில்தான் போடுவோம்.

எல்லா இடத்துக்கும் அது ஆகாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். லோகு புது வீடு கட்டியபோது வாசலுக்கு ஒரு பிளேட் கேட்டான். அவன் பெயரையும் பெண்டாட்டி பெயரையும் ஷூ எழுத்தில் செதுக்கிக் கொடுத்தேன். சிவப்புப் பெயின்டை அவனே ஆசையாக அப்பிக்கொண்டு போனான். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"இன்னாடா?"

"ஊட்ல ஏசுதுக்கா. வாசப்படில டிரான்ஸ்ஃபார்மர் போர்டு மாட்டிக்கீறியா, வர்றவன் கைய வைக்க பயப்படுவான்னு சொல்லுது."

செருப்பு எழுத்தில் வேறு ஒன்று போட்டுக் கொடுத்தேன். அது இன்னும் அவன் வீட்டு வாசலில் இருக்கிறது.

இனி மாசிலாமணி சார். அவர்தான் எங்கள் இன்ஸ்பெக்டர். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பிளேட்டும் வாசலைத் தாண்டாது. உயரமான ஆள், அயர்ன் செய்த அரைக்கைச் சட்டை, குரல் மட்டும் பஞ்சு மாதிரி. யாரையும் கத்தித் திட்டியதில்லை. பிளேட் கெட்டுப்போனால் "ஏம்மா, இதுக்கு இன்னா கோவம் உன் மேல?" என்பார். நாள் பூராவும் அது நமக்குக் குத்திக்கொண்டே இருக்கும்.

அவர் பிளேட் பார்க்கிற விதம் ஒரு பூஜை மாதிரி நடக்கும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். வெள்ளைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார், கட்டைவிரலை மட்டும் இரண்டாம் முறையும் துடைப்பார். பிளேட்டை மேசையில் வைத்து, இடது கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலைக் கடைசி எழுத்தின் மேல் வைப்பார். பின்னாலிருந்து முன்னால் வருவது அவர் வழக்கம். முன்னாலிருந்து படித்தால் மனசு முந்திக்கொண்டு வார்த்தையைச் சொல்லிவிடும், தப்பு தெரியாது என்பார். ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, வாய்விட்டுச் சொல்லுவார். எதிரே நான் கஸ்டமர் கொடுத்த டிராயிங்கை வைத்துக்கொண்டு அவர் சொல்வது சரியா என்று பார்ப்பேன். பிளேட்டைப் பார்க்கிறவர் டிராயிங்கைப் பார்க்கக் கூடாது, டிராயிங்கைப் பார்க்கிறவர் பிளேட்டைப் பார்க்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். பள்ளம் சரியான ஆழத்தில் இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு நிற்கிறதா என்பதெல்லாம் கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் தடவுவதை நாங்கள் யாரும் வினோதமாக நினைக்கவில்லை. பெரிய வேலைக்காரர், அவர் ஸ்டைல் அப்படி என்றுதான் நினைத்தோம்.

அப்போதுதான் தேர்வாய் கண்டிகையில் புதிதாக வந்த ஒரு ஃபேக்டரியிலிருந்து ஆர்டர் வந்தது. பைப் லைனில் இருக்கிற வால்வுகளுக்குக் கட்டித் தொங்கவிடுகிற சின்னச் சின்னத் தகடுகள். எது ஆசிட், எது தண்ணீர், எது ஆவி என்று எழுத்தும் எண்ணுமாக மூன்று வரி. எல்லாம் வெறுங்கால் எழுத்தில், மெல்லிசாக, ஆழமில்லாமல் மேலாகச் செதுக்க வேண்டும் என்று டிராயிங்கிலேயே போட்டிருந்தார்கள்.

"ஷூ எழுத்துல போடும்மா" என்றார் சார்.

"எடம் பத்தாது சார். மூணு லைனு கீதே, காலும் காலும் இடிச்சிக்கும்."

"அதெல்லாம் இடிக்காது. போடு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நெருக்கமான வரியில் ஷூ எழுத்து போடக் கூடாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். முன்பு ஒரு தடவை நான் அப்படிச் செய்தபோது, "இன்னாம்மா இது, காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்டு பஸ்ல நிக்கற மாதிரி ஒருத்தன் கால ஒருத்தன் மிதிச்சிக்கினு நிக்கறான்" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். இப்போது அவரே பிடிவாதம் பிடிக்கிறார். விஷயம் முதலாளி வரைக்கும் போனது. எங்கள் முதலாளிக்கு ஆந்திரா பார்டர் பக்கம் சொந்த ஊர், எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"நைனா, டப்பு குடுக்கறவன் அவன். அவன் கேக்கற எழுத்த குடுத்துட்டு போவோமே. உனக்கு இன்னா பேஜாரு இதுல?"

இதுவரை முதலாளி பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத சார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு அது சங்கடமாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தத் தகடுகளுக்கு வெறுங்கால் எழுத்துதான் பொருத்தம்.

வெறுங்கால் எழுத்திலேயே சாம்பிள் தகடு ஒன்று செதுக்கி எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம் போலக் கையைக் கழுவினார், துடைத்தார், திரும்பவும் கழுவினார். கட்டைவிரலைக் கடைசி எழுத்தில் வைத்தார்.

"ஏழு" என்றார். டிராயிங்கில் ஏழு. "ஜீரோ." சரி. அடுத்த எண்ணில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"எட்டு."

டிராயிங்கில் மூன்று. நான் தப்பாகச் செதுக்கிவிட்டேன் போல என்று பதறிப்போய்ச் சட்டத்தை மீறிப் பிளேட்டைப் பார்த்தேன். மூன்றுதான் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய இரண்டு கண்களும் திறந்து அதன் மேல்தான் இருந்தன.

"சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க."

விரல் மறுபடியும் போனது. ஷூ எழுத்தில் மூன்றின் இரண்டு முனையிலும் கட்டை இருக்கும், வாய் திறந்திருப்பது விரலுக்குப் பளிச்சென்று தெரியும். இந்த மெல்லிசு எழுத்தில் அப்படி எதுவும் இல்லை.

"எட்டு" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "எட்டுதானேம்மா?" என்றார்.

அந்தத் 'தானே'யில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மூணு சார்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், "வெளிச்சம் பத்தலம்மா. லைட்டு போடு."

டியூப் லைட் அவர் தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்து, அவருக்குச் சத்தம் கேட்கிற மாதிரி டக்கென்று திரும்பப் போட்டேன்.

"போட்டுட்டேன் சார்."

"ம். இப்ப தெரியுது. மூணுதான்" என்றார்.

டீ நேரத்தில் லோகுவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவன் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டான்.

"உனக்கு இப்பதான் தெரியுமாக்கா?"

"அடப்பாவி, உனக்கு முன்னயே தெரியுமா?"

"டெய்லி ஸ்டேஷன்லேர்ந்து கம்பெனி வரிக்கும் என் தோள்ல கைய போட்டுக்கினு வராரே, பாசத்துலன்னு நெனச்சிக்கினியா?" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, "பாசமும்தான்" என்றான்.

கண்ணில் புரை. இரண்டு கண்ணிலும். வெளிச்சம் தெரியுமாம், ஆள் நிழல் மாதிரி தெரியுமாம், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பாராம். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்திருக்கிறது. அவர் ஒரே மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், குடும்பமே அவர் சம்பளத்தில் ஓடியது. பார்வை இல்லாத இன்ஸ்பெக்டரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

எனக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "அந்த வால்வ திருப்பறவனுக்கும் ஊட்ல புள்ள குட்டி இருக்கும்டா" என்று லோகுவிடம் சண்டை போட்டேன். அன்றிலிருந்து சார் பாஸ் பண்ணிய ஒவ்வொரு பிளேட்டையும் நான் கண்ணால் ஒரு தடவை, லோகு ஒரு தடவை பார்த்த பிறகுதான் பேக்கிங்குக்கு அனுப்பினோம். ஸ்டோரில் இருந்த பழைய சரக்கையும் இறக்கிப் பார்த்தோம். அந்த மனிதரின் விரல் ஒன்றில்கூடத் தப்பு விட்டிருக்கவில்லை. எல்லாம் ஷூ எழுத்து.

அந்த வாரமே சார் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். முட்டி வலியாம். முதலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டு, என்ன ஏது என்று புரியாமல் எங்களைக் கேட்டார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிற நேரம் பார்த்து லோகுவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். மேரி அக்கா டீ கொடுத்தார். சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், டம்ளரை வாங்கக் கையை நீட்டியபோது அது டம்ளருக்குக் கொஞ்சம் தள்ளிப் போனது. வீட்டில் நடிக்க வேண்டிய அவசியம் இல்லை போலும். மேரி அக்கா டம்ளரைக் கைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"ஆப்பரேஷன் பண்ணிக்கலாமே சார். இப்ப எல்லாரும் பண்ணிக்கினு வராங்க" என்றேன்.

"எங்கண்ணன் பண்ணிக்கினாரும்மா" என்றார். "போவும்போது கொஞ்சமாவது தெரிஞ்சிக்கினு இருந்துது. கட்டு பிரிச்சப்ப ஒண்ணுமே இல்ல. சாவற வரிக்கும் சொவத்தப் புடிச்சிக்கினு நடந்தாரு. எனக்கு இந்த வெளிச்சமாவது மிச்சம் இருக்கட்டும்."

"நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டேன்" என்றார் மேரி அக்கா. "கண்ணு கேம்ப் பஸ்சு வாசல்ல வந்து நின்னாலும் ஒளிஞ்சிக்குவாரு."

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒரு கண்ணு மட்டும் பண்ணுங்க சார். அது போச்சின்னா இன்னொண்ணு கீது. அதுவும் போனா கட்டவெரலு கீது. நான் அந்த மெஷின்ல ஒக்காந்துக்கினு இருக்கற வரிக்கும் உங்களுக்கு ஷூ எழுத்துலயே அடிச்சித் தரேன். கஸ்டமரு எந்த எழுத்து கேட்டாலும், நீங்க தடவிப் பாக்கறதுக்குன்னு தனியா ஒண்ணு ஷூல அடிச்சித் தரேன். போதுமா?"

"முதலாளி ஒத்துக்குவாரா?" என்றார் சார்.

"முதலாளிகிட்ட நான் பேசறேன்."

"ஐயோ, வோணாம்மா. தெரிஞ்சா வேலைய உட்டு தூக்கிடுவாரு."

"நீங்கதான் ஏற்கனவே எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கினீங்களே சார். இனிமே தூக்கறதுக்கு இன்னா கீது?"

லோகு பக்கென்று சிரித்துவிட்டான். மேரி அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாருக்கும் உதடு கோணியது. ஆனால் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதலாளி நாஷ்டா முடித்துவிட்டு உட்கார்ந்ததும் அறைக்குள் போனேன். அவ்வளவு நாள் வேலை பார்த்தும் அந்த அறைக்குள் நான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னேன். தடவியே அத்தனை பிளேட்டையும் பாஸ் பண்ணியிருக்கிறார், ஸ்டோர் பூரா இறக்கிப் பார்த்தோம், ஒன்றும் தப்பில்லை என்றும் சொன்னேன்.

அவர் ரொம்ப நேரம் மேசையிலிருந்த பிளேட் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார்.

அப்புறம் சாரின் காகிதத்தை எடுத்து என்னிடமே கொடுத்தார். "இத அவருகிட்ட குடுத்துடு. ஆப்பரேஷன் பண்ணிக்கினு வரட்டும், அவரு சீட்டு அங்கியேதான் இருக்கும். கண்ணு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. வரலன்னா அவரு தடவட்டும், பக்கத்துல கண்ணு கீற ஆளு ஒண்ணு ஒக்காந்து பாக்கட்டும். ஆனா பண்ணிக்காத வந்தா உள்ள உட மாட்டேன், சொல்லிடு."

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சார் வாங்கிக்கொண்டு, "வராட்டியும் சரின்னு சொன்னாரா? நெஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த கேம்ப் பஸ்ஸில் மேரி அக்கா ஏற்றிக்கொண்டு போனார். துணைக்கு லோகுவும் லீவு போட்டுவிட்டுப் போனான்.

நான் தேர்வாய் கண்டிகைத் தகடுகளைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளியே எதிரே உட்கார்ந்து டிராயிங் பார்த்தார். தகடுகள் நன்றாக வந்தன, கஸ்டமருக்கு ரொம்பத் திருப்தி. எனக்குத்தான் கை வேலையில் இருந்ததே தவிர மனசு அங்கே இல்லை. அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன். போதாது என்று சாருடைய சர்ச் பக்கம் போய் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வந்தேன். நான்தானே வற்புறுத்தினேன், அவர் அண்ணனுக்கு ஆன மாதிரி ஆகிவிட்டால் அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன் என்று பயமாக இருந்தது.

கட்டுப் பிரித்த அன்று மேரி அக்கா போன் செய்தார். "நல்லா கீதுன்றாரும்மா" என்றார். நல்லா இருக்குது என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்? எனக்கு நம்பிக்கை வரவில்லை. லோகுவைக் கேட்டால், "டாக்டரு சிரிச்சாருக்கா, சாரு சிரிக்கல" என்றான். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், யாரும் வர வேண்டாம், தானே கம்பெனிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஓய்வெல்லாம் முடிந்து அவர் வந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கேட்டில் கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்தார். கை லோகுவின் தோள் மேல்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் ஆப்பரேஷன் பலிக்கவில்லை என்றே நினைத்துவிட்டேன்.

லோகு தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்த்துவிட்டான். "பழக்கதோஷம்க்கா!" என்று கத்தினான்.

சார் அவருடைய மேசைக்குப் போய் உட்கார்ந்தார். கையைக் கழுவவில்லை. "அந்தப் புது தகடு இருந்தா ஒண்ணு குடும்மா" என்றார். கொடுத்தேன். கட்டைவிரலை ஓரத்திலேயே வைத்துக்கொண்டு, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். முதலாளி, பேக்கிங் ஆட்கள், எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றோம்.

"இதுக்கு இந்த எழுத்துதான் சரி. நான் சொன்னது தப்பு" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்து ஒரு கிரேன் பிளேட்டைக் கேட்டார். ஷூ எழுத்து. அதைப் படிக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாம் எவ்ளோ நேரா நிக்குது பாரு" என்றார். தலையைத் தூக்கி லோகுவைப் பார்த்தவர் பார்வையை அப்படியே நிறுத்தினார்.

"எங்கடா முடி?"

"இன்னா சார்?"

"தல நெறைய வெச்சிக்கினு இருந்தியே, எங்கடா?"

"அது போயி எவ்ளோ வருசம் ஆவுது!" என்றான் லோகு. பேக்கிங் பக்கம் ஒரே சிரிப்பு. தினமும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தவர், அவன் தலை வழுக்கையானதைப் பார்த்ததே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளே அவர் என் முகத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பார்ப்பது தெரிந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. மெஷின் தூசியில் நின்றவள், முகம்கூடக் கழுவியிருக்கவில்லை.

"சகுந்தலா" என்றார். "நரைச்சிப்போச்சே. எப்பம்மா?"

வீட்டில் என் புருஷனோ பிள்ளையோ அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. எனக்கே அதைப் பற்றிப் பெரிதாகத் தோன்றியதில்லை. அவர் குரல் மட்டும் என்னவோ பண்ணிவிட்டது.

"நீங்க பாக்காதப்பதான் சார்" என்றேன்.

அவர் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் படவே கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியதாக மேரி அக்கா போனில் சொல்லியிருந்தார். எனக்குப் பதற்றமாகிவிட்டது.

"சார், அழுவாதீங்க சார். கண்ணுக்கு ஆவாது. அழுவக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு இல்ல?"

"நான் எங்கம்மா அழுவறேன்?" என்றார் மாசிலாமணி சார். "நீதான் அழுவற. எனக்கு நல்லா தெரியுது."